ஸ்பானிய, ஜெர்மானியத் திருச்சபை இசை: ஓர் ஒப்பீட்டு விமர்சனம்

ஐரோப்பியத் திருச்சபை இசையைப் பற்றிப் பேசும்போது ஸ்பானிய மரபையும் ஜெர்மானிய மரபையும் எதிரெதிராக நிறுத்துவது ஒரு வழக்கம். ஸ்பெயின் நாட்டு இசை உணர்ச்சி மிகுந்தது, இருள் சூழ்ந்தது, பக்திப் பரவசம் கொண்டது என்பார்கள். ஜெர்மன் இசை அறிவு சார்ந்தது, கணக்குப்போலக் கட்டப்பட்டது என்பார்கள். வகுப்பறையில் ஐரோப்பிய வரலாறு நடத்திய காலத்தில், சமயச் சீர்திருத்தப் பாடத்தின் முடிவில் நானும் இதையே பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு இந்த இசையை நிதானமாகக் கேட்கத் தொடங்கியபோதுதான், மாணவர்களுக்குச் சொன்னதில் பாதிகூடச் சரியில்லை என்று தெரிந்தது.

இந்த இரு மரபுகளுக்கும் இடையே வேறுபாடு உண்டு. ஆனால் அது மக்களின் பிறவிக் குணத்திலிருந்து வந்ததல்ல. வழிபாட்டில் யார் பாடினார்கள், எந்த மொழியில் பாடினார்கள், ஆர்கன் என்னும் கருவி தேவாலயத்தில் எங்கே நின்று என்ன வேலை செய்தது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் இரு நாடுகளிலும் வெவ்வேறு விடைகள் இருந்தன. இசையின் வேறுபாடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இரு நாடுகளிலும் இறுதிச் சடங்குக்காக எழுதப்பட்ட இரண்டு படைப்புகளையும், இரு நாட்டு ஆர்கன் இசையையும் கொண்டு இதை இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு இறுதிச் சடங்குகள்

பேரரசர் ஐந்தாம் சார்லஸின் மகளும், பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியனின் மனைவியுமான மரியா, கணவர் இறந்த பின் ஸ்பெயின் திரும்பி மாட்ரிடில் உள்ள தெஸ்கால்சாஸ் ரெயாலெஸ் துறவியர் மடத்தில் வாழ்ந்தார். 1603 பிப்ரவரியில் அங்கு இறந்தார். அவருடைய குருவாகப் பணியாற்றிய இசையமைப்பாளர் தொமாஸ் லூயிஸ் தெ விக்டோரியா, அவருடைய இறுதி வழிபாட்டுக்காக எழுதிய இசை 1605இல் அச்சேறியது. அந்த மடத்திலேயே துறவியாக இருந்த பேரரசியின் மகள் மார்கரெட்டுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. ‘இறந்தோர் வழிபாடு’ என்பது அதன் லத்தீன் தலைப்பின் பொருள்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் கேரா பகுதியை ஆண்ட ஹைன்ரிஷ் போஸ்துமுஸ் ராய்ஸ் இறந்தார். அவர் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். தம் சவப்பெட்டியை உயிரோடு இருக்கும்போதே செய்யச் சொல்லி, அதன்மேல் பொறிக்க வேண்டிய விவிலிய வசனங்களையும் பாடல் அடிகளையும் தாமே தேர்ந்து வைத்திருந்தார். அந்த வாசகங்களுக்கு இசையமைத்தவர் ஹைன்ரிஷ் ஷூட்ஸ். 1636இல் நடந்த அடக்கத்தின்போது பாடப்பட்ட இந்தப் படைப்பின் பெயருக்கு ‘இசையாலான இறுதிச் சடங்கு’ என்று பொருள் கொள்ளலாம்.

இரண்டும் அரச குடும்பத்து மரணங்கள். இரண்டையும் எழுதியவர்கள் இத்தாலியில் இசை பயின்றவர்கள். விக்டோரியா ரோமில் இருபது ஆண்டுகள் அளவில் வாழ்ந்தவர். ஷூட்ஸ் 1609 முதல் வெனிஸில் ஜொவான்னி கப்ரியேலியிடம் கற்றவர். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் இரண்டும் காதில் வேறு வேறாக ஒலிக்கின்றன.

விக்டோரியா: சபைக்காகப் பாடும் குழு

விக்டோரியாவின் படைப்பில் பெரும்பகுதி ஆறு குரல்களுக்கானது. பல பகுதிகள் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடலின் ஓர் அடியோடு, துணையின்றி ஒற்றை மெட்டாகத் தொடங்குகின்றன. பிறகு ஆறு குரல்களும் சேர்கின்றன. அந்தப் பழைய மெட்டு மறைவதில்லை. பெரும்பாலும் மேலிருந்து இரண்டாவது குரல் அதை நீண்ட சுரங்களாகத் தாங்கிச் செல்ல, மற்ற ஐந்து குரல்களும் அதைச் சுற்றி மெல்ல நகர்கின்றன. மெட்டு உச்சக் குரலில் இல்லாததால் முதலில் கேட்பவருக்கு அது தனியாகப் புலப்படாது. மூன்றாம் முறை கேட்கும்போது, கட்டடத்தின் நடுத்தூண் போல அது நிற்பது தெரியும்.

வழிபாட்டுக்கு வந்திருந்தவர்கள் இதில் பாடவில்லை. பயிற்சி பெற்ற பாடகர்கள், அந்தச் சபை முழுவதற்குமாகப் பாடினார்கள். மொழி லத்தீன். சொற்கள் நூற்றாண்டுகளாக மாறாதவை. இறந்தவர் பேரரசியானாலும் ஏழையானாலும் திருப்பலியின் சொற்கள் அவையேதான். பேரரசியின் பெயர் அதில் எங்கும் வராது. எனவே இசையமைப்பாளர் சொற்களை விளக்க வேண்டிய தேவை இல்லை. எல்லோரும் அறிந்த ஒரு வேண்டுதலுக்கு நேரமும் இடமும் தருவதே அவருடைய பணி. இசை மெதுவாக நகர்வதற்குக் காரணம் இதுதான். அதை ‘ஸ்பானிய இருள்’ என்று பெயரிட்டுவிட்டால் இந்தக் காரணம் கண்ணில் படாமல் போய்விடும்.

விக்டோரியாவே எப்போதும் இருளில் இருந்தவர் அல்லர். 1600இல் மாட்ரிடில் அவர் வெளியிட்ட தொகுப்பில், ஜானெகென் என்ற பிரெஞ்சுக்காரரின் போர்க்களப் பாடலை அடிப்படையாகக் கொண்ட ஒரு திருப்பலி இசை உள்ளது. ஒன்பது குரல்கள் எக்காளம்போல முழங்கும் இசை அது. அந்தத் தொகுப்போடு ஆர்கனுக்கென்று ஒரு தனிப் பகுதியும் அச்சிடப்பட்டது. துணைக் கருவி இல்லாத தூய குரல் இசை மட்டுமே விக்டோரியா என்ற எண்ணமும் இதனால் அடிபடுகிறது.

ஷூட்ஸ்: சொல்லுக்குள் நுழையும் குரல்

ஷூட்ஸின் படைப்பு மூன்று பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில் ஒரு தனிக் குரலோ, இரண்டு மூன்று குரல்களோ ஒரு விவிலிய வசனத்தைப் பாடும். உடனே முழுக் குழு வேறோர் அடியால் விடை சொல்லும். ஆர்கன் தொடர்ந்து அடிச்சுரம் கொடுக்கும். பாடுவது ஜெர்மன் மொழியில். வந்திருப்போர் ஒவ்வொருவருக்கும் அது தாய்மொழி. பல வசனங்கள் மனப்பாடமானவை. எனவே ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். குரல்கள் பேச்சின் வேகத்தை ஒட்டி நகர்கின்றன. ஒரு சொல்லில் துயரம் இருந்தால் அந்தச் சொல்லிலேயே சுரம் உரசுகிறது. அடுத்த சொல்லில் ஆறுதல் வந்தால் உரசல் அங்கேயே தீர்கிறது.

மூன்றாம் பகுதியில் ஷூட்ஸ் இடத்தையும் இசையாக்குகிறார். ஒரு குழு ஆர்கனுக்கு அருகில் நின்று, முதியவர் சிமியோன் விடைபெறும் விவிலியப் பாடலைப் பாட வேண்டும். இன்னொரு சிறிய குழு தொலைவில் நிற்க வேண்டும். அதில் இரண்டு உயர்ந்த குரல்கள் வானதூதர்கள். ஒரு தாழ்ந்த குரல் இறந்தவரின் ஆன்மா. கீழே உலகம் விடை கொடுக்கிறது; தூரத்தில் ஆன்மா ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. இதைக் கேட்ட பிறகு ஜெர்மன் இசையை வெறும் கணக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

இங்கே வரலாற்றுச் சூழலையும் கருத வேண்டும். அது முப்பதாண்டுப் போர் நடந்த காலம், 1618 முதல் 1648 வரை. அரசவை இசைக்குழுக்கள் கலைந்துகொண்டிருந்தன. அதே 1636இல் ஷூட்ஸ் ஒன்று முதல் ஐந்து குரல்களுக்கான ‘சிறிய’ திருச்சபைப் பாடல்களை வெளியிட்டார். பாட ஆள் இல்லாத காலத்தில் இருக்கிறவர்களை வைத்துப் பாட அவை உதவின. சிக்கனம் ஜெர்மானிய குணம் என்று நாம் புகழும் இடத்தில் உண்மையில் இருப்பது போரின் வறுமை.

கோரால்: மக்கள் பாடும் பாட்டு

ஜெர்மனியின் லுத்தரன் பகுதிகளில் நடந்த பெரிய மாற்றம், சபையார் அனைவரும் பாடத் தொடங்கியதுதான். 1524இல் முதல் பாட்டுப் புத்தகங்கள் வெளிவந்தன. ‘கோரால்’ எனப்படும் இப்பாட்டுகள் தாய்மொழியில் அமைந்தவை. ஒரே மெட்டில் பல கண்ணிகள் கொண்டவை. அதே ஆண்டில் யோஹான் வால்ட்டர் இவற்றைப் பல்குரல் இசையாக வெளியிட்டபோது மெட்டைப் பெரும்பாலும் நடுவில் உள்ள டெனர் குரலில் வைத்தார். அது பயிற்சி பெற்ற குழுவுக்கான முறை. 1586இல் லூக்காஸ் ஓசியாண்டர் மெட்டை உச்சக் குரலுக்கு மாற்றினார். சபையார் மெட்டை அடையாளம் கண்டு கூடவே பாட வேண்டும் என்பதே நோக்கம். பார்க்கச் சிறிய மாற்றம்தான். ஆனால் பின்னால் வந்த ஜெர்மானியத் திருச்சபை இசையில் பெரும்பகுதி இந்த மாற்றத்தின்மேல் எழுந்தது.

ஸ்பெயினில் தாய்மொழிப் பாடலே இல்லை என்று நினைப்பதும் தவறு. செவில் பேராலயத்தின் பிரான்சிஸ்கோ குவெரேரோ 1589இல் ஸ்பானிய மொழிப் பக்திப் பாடல்களின் தொகுப்பை வெளியிட்டார். கிறிஸ்துமஸ் போன்ற விழாக்களில் ‘வில்லன்சிக்கோ’ என்னும் ஸ்பானிய மொழிப் பாடல்கள் நடனத் தாளத்தோடு தேவாலயத்திலேயே ஒலித்தன. செவிலில் சிறுவர்கள் பலிபீடத்தின் முன் நடனமாடும் மரபு இன்றும் தொடர்கிறது. ஸ்பெயினின் ‘இருள்’ எங்கே போயிற்று? ஆனாலும் இப்பாடல்களைப் பாடியது குழுதான். வில்லன்சிக்கோ மெட்டுகள் ஆண்டுதோறும் புதிதாக வந்து போயின. கோரால் மெட்டுகளோ தலைமுறை தலைமுறையாக அப்படியே நின்றன.

ஸ்பானிய ஆர்கன்

துருத்தியால் காற்றடித்து, விசைப்பலகையால் திறந்து மூடும் குழாய்களின் தொகுதியே ஆர்கன். ஒவ்வொரு குழாய் வரிசைக்கும் ஒரு தனி ஒலி உண்டு. எந்த வரிசைகள் ஒலிக்க வேண்டும் என்பதை வாசிப்பவர் தேர்ந்துகொள்வார்.

ஸ்பானியப் பேராலயங்களில் பாடகர் குழுவுக்கான இடம் பல இடங்களில் நடுக்கூடத்தின் மத்தியிலேயே, சுவர் எழுப்பிய ஓர் அறைபோல அமைந்திருக்கும். அதன் பக்கவாட்டில், பாடகர்களின் தலைக்குமேல் ஆர்கன் நிற்கும். செகோவியா, கிரனாடா பேராலயங்களில் எதிரெதிராக இரண்டு ஆர்கன்கள் உள்ளன. ஆர்கன் பேசுவது முதலில் பாடகர் குழுவோடுதான். குழு ஒரு கண்ணியைப் பாடும். அடுத்த கண்ணியைப் பாடாமல் அதற்குப் பதிலாக ஆர்கன் வாசிக்கும். இப்படி மாறி மாறிச் செல்வதற்காக எழுதப்பட்ட சிறு கண்ணிகளில் அந்தோனியோ தெ கபெசோன் சிறந்து விளங்கினார். 1510இல் பிறந்த அவர் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். ஸ்பானிய அரசவையில் ஆர்கன் வாசித்தவர். பின்னாளில் மன்னரான இரண்டாம் பிலிப்புடன் இத்தாலி, ஜெர்மனி, இங்கிலாந்து வரை பயணம் செய்தவர். 1566இல் அவர் இறந்தபின் மகன் எர்னாந்தோ 1578இல் அவருடைய படைப்புகளை வெளியிட்டார்.

கருவியின் அமைப்பும் இசையை உருவாக்கியது. ஸ்பானிய ஆர்கனில் மிதிக்கட்டைகள் மிகச் சில. நீண்ட அடிச்சுரத்தைத் தாங்கவே அவை பயன்பட்டன. பதிலாக, ஒரே விசைப்பலகை நடுவில் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இடது பாதிக்கு ஒரு குழாய் வரிசையும் வலது பாதிக்கு வேறொரு வரிசையும் ஒலிக்கச் செய்யலாம். இதனால் வலக்கையில் ஒரு கூர்மையான தனிக் குரலும், இடக்கையில் மென்மையான துணையும் கிடைக்கும். செவிலின் கொர்ரேயா தெ அராவுஹோ 1626இல் வெளியிட்ட நூலில் ‘தியெந்தோ’ என்னும் வடிவத்தில் 60க்கும் மேற்பட்ட படைப்புகள் உள்ளன. அவற்றில் பல இந்தப் பிரிந்த விசைப்பலகைக்காகவே எழுதப்பட்டவை. ஒரு குரல் தனியாக எழுந்து, நீட்டி, சுழன்று, கமகம்போல நெளிந்து இறங்கும். கேட்கும்போது பரவசமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பரவசத்துக்கு வழி செய்து கொடுத்தது, விசைப்பலகையைப் பிரிக்கக் கண்டுபிடித்த தச்சனின் கை.

ஜெர்மானிய ஆர்கன்

வட ஜெர்மனியில் ஆர்கன் பெரும்பாலும் மேற்குச் சுவரின் மாடத்தில், சபையாரின் முதுகுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும். ஆர்ப் ஷ்னிட்கர் 1693இல் முடித்த ஹாம்பர்க் புனித யாக்கோபு தேவாலய ஆர்கனில் நான்கு விசைப்பலகைகள், கால்களுக்கென ஒரு முழு மிதிப்பலகை, 60 குழாய் வரிசைகள். தொடக்க காலத்தில் மக்கள் ஆர்கன் துணையின்றியே கோரால் பாடினர். 17ஆம் நூற்றாண்டில்தான் ஆர்கன் அவர்களோடு சேர்ந்து ஒலிக்கும் வழக்கம் மெல்லப் பரவியது. பெருங்கூட்டத்தின் குரலைத் தாங்க ஆழமான அடிச்சுரம் வேண்டும். மிதிப்பலகை அதைக் கொடுத்தது. கால் தனிக் குரலாக இயங்கத் தொடங்கியதும் இசையமைப்பாளருக்கு மூன்றாவது கை கிடைத்ததுபோல் ஆயிற்று.

லூபெக் நகரில் 1668 முதல் ஆர்கன் வாசித்த பக்ஸ்டஹூடேயின் இசையில் இந்த மூன்றாவது கையின் வீரத்தைக் கேட்கலாம். அதைக் கேட்டுக் கற்க இளைஞர் பாக் 1705இல் ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து லூபெக்குக்கு நடந்தே சென்றார். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவு.

பாக் எழுதிய ‘சிறிய ஆர்கன் நூல்’ கோரால் மெட்டுகளுக்கான தொகுப்பு. 164 பாட்டுகளுக்குத் திட்டமிட்டு, 46ஐ மட்டும் எழுதினார். ஆதாமின் வீழ்ச்சியைப் பற்றிய கோராலை அதில் எடுத்துக்கொள்ளலாம். மேலே மெட்டு அப்படியே போகிறது. காலோ மிதிப்பலகையில் கீழ்நோக்கிப் பெருந்தாவல்களாக விழுந்துகொண்டே இருக்கிறது. பாடகர் யாரும் இல்லை. சொல் ஒன்றுகூட ஒலிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சபையில் இருந்தவருக்குச் சொற்கள் தெரியும். சிறுவயது முதல் பாடிய பாட்டு. மெட்டைக் கேட்டதும் சொல் நினைவுக்கு வரும். சொல் வந்ததும் கால் ஏன் விழுகிறது என்பது விளங்கும். மக்கள் பாடிப் பழகியதால்தான் ஆர்கன் இங்கே சொல்லின்றிப் பேச முடிகிறது. இதைக் கணக்கு என்பவர்கள் அந்தப் பாட்டை அறியாமல் கேட்டவர்கள்.

பழைய தீர்ப்பு ஏன் நிற்காது

குணமே காரணம் என்றால் ஜெர்மன் மண்ணில் எழுந்த எல்லா இசையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்படி இல்லை. கத்தோலிக்கரான ஒர்லாந்தோ தி லாசோ மியூனிக் அரசவையில் 1556 முதல் 1594 வரை பணியாற்றினார். அவர் இசையமைத்த ஏழு தவத் திருப்பாடல்கள் லத்தீனில், குழுவுக்காக மட்டும் எழுதப்பட்டவை. துயரத்திலும் அடக்கத்திலும் அவை விக்டோரியாவுக்கு அருகில் நிற்கின்றன. லுத்தரனான ஷூட்ஸே 1625இல் லத்தீன் வாசகங்களுக்கு எழுதிய நான்கு குரல் பாடல்களில், ‘ஸ்பானியர்’ என்று நாம் எண்ணும் அதே வேதனை மிக்க உரசல்கள் நிறைந்துள்ளன. விக்டோரியா ரோமில் பயின்றதும் பிறகு இசை இயக்குநராக இருந்ததும், ஜெர்மன் குருமாணவர்களுக்காக இயேசு சபையினர் நடத்திய கல்லூரியில்தான். எல்லைக்கோடு நாடுகளுக்கு நடுவே போகவில்லை; வழிபாட்டு முறைகளுக்கு நடுவே போகிறது.

இரு மரபின் குறைகள்

காரணத்தை விளக்குவதால் குறைகள் இல்லாமல் போய்விடுவதில்லை. சபையாரின் மெட்டைக் கட்டாயம் காக்க வேண்டியிருந்ததால், சாதாரண ஜெர்மன் இசையமைப்பாளர்கள் கையில் கோரால் வீட்டுப்பாடம்போல ஆகிவிடுகிறது. மெட்டு ஒரு குரலில், பிறகு இன்னொரு குரலில், பிறகு காலில் என்று வரிசையாக வந்து போகும். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. ஸாமுவேல் ஷைட் 1624இல் வெளியிட்ட பெருநூலின் சில நீண்ட கோரால் மாற்றங்கள்கூட என் காதுக்கு அலுப்புத் தருகின்றன.

ஸ்பானிய ஆர்கன் மரபுக்கு வேறொரு பலவீனம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆர்கன் பெட்டியின் முகப்பில் பீரங்கிகள்போலக் கிடையாக நீட்டிய எக்காளக் குழாய்கள் வந்தன. கண்ணுக்கும் காதுக்கும் பெரிய விருந்து அது. ஆனால் அவற்றுக்காக எழுதப்பட்ட ‘போர்க்கள’ இசைகள் பல, முதல் இரண்டு நிமிடங்களுக்குப் பிறகு வெறும் முழக்கமாகத் தேய்கின்றன. ஸ்பானிய மரபின் உயரத்தை அறிய விரும்புவோர் அங்கே தொடங்கக் கூடாது. கபெசோனின் சிறு கண்ணிகளில் தொடங்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு

இந்த ஜெர்மன் மரபின் ஒரு கிளை நமக்கு அந்நியமானதல்ல. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவருடன் பணியாற்றியோரும் ஜெர்மன் கோரால்களைத் தமிழாக்கி, அதே மெட்டுகளில் பாட வைத்தனர். ‘ஞானப்பாட்டு’ என்ற பெயரில் தமிழ் லுத்தரன் சபைகளில் அவை இன்றும் பாடப்படுகின்றன. நம் ராகங்களில் அமைந்த கீர்த்தனைகளுக்கு முன் இவை ஒட்டாத இறக்குமதி என்று குறை சொல்வோர் உண்டு. குறையில் நியாயம் இருக்கிறது. ஜெர்மன் சொல்லின் அழுத்தத்துக்கு அமைந்த மெட்டில் தமிழின் குறில் நெடிலாகிறது, நெடில் குறிலாகிறது. ஆனால் அந்த மெட்டு, இசை கற்காத ஒரு கூட்டம் ஒன்றாகப் பாடுவதற்கென்றே செய்யப்பட்டது. வரிசைக்கு வரிசை நிற்க இடம் உண்டு. எட்டாத சுரம் இல்லை. இந்தக் குணத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு குறையைப் பேசினால் தீர்ப்பு நேர்மையாக இருக்கும்.

புதிதாகக் கேட்க விரும்பும் மாணவர்கள் விக்டோரியாவின் 1605ஆம் ஆண்டுப் படைப்பையும் ஷூட்ஸின் 1636ஆம் ஆண்டுப் படைப்பையும் அடுத்தடுத்த நாள்களில் கேட்கலாம். கேட்கும்போது எது ஸ்பானியம், எது ஜெர்மானியம் என்று தேட வேண்டாம். இங்கே யார் யாருக்காகப் பாடுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஒன்றில் ஒரு குழு, பாடாமல் நிற்கும் எல்லோருக்குமாக வேண்டுகிறது. இன்னொன்றில், இறந்தவர் தாமே தேர்ந்த சொற்களைக் கொண்டு உயிரோடிருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்கிறார். என் பழைய மாணவர்களில் யாராவது இதைப் படித்தால், அன்று வகுப்பில் நான் சொன்னதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.